மெல்லிய துவக்குக்கு எந்தக் குண்டு

வாங்கோ தம்பி, வாங்கோ. சப்பாத்துக் கழட்டத் தேவையில்லை, இது கராஜ்தானே. உந்தக் கதிரையில இருங்கோ. பூனையைத் தள்ளிப்போட்டு இருங்கோ, அது ஒண்டும் செய்யாது. ஓ, தொப்பியோ? சரி, தொப்பியைத் தள்ளிப்போட்டு இருங்கோ.

துவக்கு லைசன்ஸ் கொண்டு வந்தனீங்களோ? காட்டுங்கோ பாப்பம். இல்லை, நீங்களே வாசியுங்கோ, என்ர கண்ணாடி உள்ளுக்கை கிடக்கு. நிரோஜன். நல்லது. ஆரின்ர மகன் எண்டு கேக்கமாட்டன், இப்பத்தையப் பெடியளுக்கு அது பிடிக்கிறேல்லை. நான் தெய்வேந்திரம். ஊர் ஒட்டுசுட்டான் பக்கம். இஞ்ச அல்பேர்ட்டாவுக்கு வந்து, இறைச்சித் தொழிற்சாலையில மாடு வெட்டி வெட்டியே பென்சனுக்குப் போனவன்.

துவக்கு அலுமாரிக்கை பூட்டிக் கிடக்கு. காட்டுறன், அவசரப்படாதேங்கோ. ஏன் விக்கிறீங்கள் எண்டுதானே ரெலிபோனில கேட்டனீங்கள்? கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் ஒரு சாமானை விக்கக்கூடாது. துவக்கில ஒரு பிழையுமில்லை. பிழை என்ர மச்சானில. மனுசியின்ர தம்பி, குகதாசன். கூட இருந்தே குழி பறிச்சவன். அவன் பேரை இந்த வீட்டில நான் எடுக்கிறேல்லை, இப்ப உங்களுக்கு விளங்கோணும் எண்டு எடுக்கிறன்.

முதல் துவக்கைச் சொல்லுறன். இது மெல்லிய துவக்கு. ஏழு மில்லிமீற்றர், சின்னத் தோட்டா, வெடிமருந்து குறைவு. எல்க் சுடப் போற ஆக்கள் தோளைப் பிளக்கிற பெரிய மாக்னம் துவக்கெல்லோ கொண்டு போவினம். எனக்கு ஏலாது. இந்தத் தோள்மூட்டுக்கை, சண்டைக்கை வந்து விழுந்து வெடிச்ச செல் துண்டு ஒண்டு இன்னும் கிடக்கு, டொக்டர்மார் தொடப் பயந்து அப்பிடியே விட்டவை. பெரிய துவக்கு உதைச்சால் அது அசையும். மெல்லிய துவக்கெண்டால் குண்டிலதான் முழுக் கவனமும். எல்க் எண்டது எங்கட மரையின்ர பெரியப்பன், குதிரை உயரம், தோள் எலும்பு உலக்கை மொத்தம். கண்ட கிண்ட குண்டெண்டால் அந்த எலும்பில பட்டுச் சிதறிப்போம், மிருகம் காயத்தோட ஓடும். காயப்பட்ட மிருகத்தை ஓட விட்டிட்டு வீட்ட வாறவன் வேட்டைக்காரனில்லை. எங்கட அப்பு அப்பிடிப்பட்ட ஆக்களோட ஒரு செம்பில தண்ணி குடிக்கமாட்டார்.

விளங்குதோ? விளங்காட்டிக் கேளுங்கோ, நான் கோவிக்கமாட்டன்.

குண்டில ரெண்டு சாதி. ஒண்டு ஈயக்குண்டு. மேல செப்புத் தோல், உள்ளுக்கை ஈயம். பட்டவுடன நசிஞ்சு காளான் மாதிரி விரியும், பாதி தூளாகி இறைச்சிக்கை போயிடும். வெட்டி எடுத்தால் சாம்பல் நிறத்தில ஒரு கட்டி. மற்றது முழுச் செப்பு. ஈயம் மருந்துக்கும் இல்லை. அது பட்டால் இதழ் இதழாய் விரியும், தூளாகாது, எலும்பையும் துளைச்சுக்கொண்டு நேர போகும். ஆனால் விரியிறதுக்கு வேகம் வேணும். மெல்லிய துவக்கில வேகம் எங்காலை? அப்ப என்ன செய்யோணும்? பாரம் குறைஞ்ச செப்புக்குண்டு எடுக்கோணும், கிட்டப் போய்ச் சுடோணும். பாரம் குறைஞ்சால் வேகம் கூடும். ஈயத்தில பாரம் குறைச்சால் சிதறும், செப்பில குறைச்சால் சிதறாது. இதை ஆரும் எனக்குச் சொல்லித் தரேல்லை. ஒரு முழு மாரி இந்த மேசையில இருந்து யோசிச்சனான்.

குகதாசன் ஈயக்குண்டுக்காரன். "அத்தான், ஈயம் காணும். எங்கட ஆக்கள் ஈயத்தாலதானே யானையையே விழுத்தினவை" எண்டுவான். ஆர் விழுத்தினது, எப்ப விழுத்தினது எண்டு கேட்டால் சிரிப்பான். வருஷா வருஷம் உதுதான் சண்டை. மனுசி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைச்சிட்டு, "உங்கட குண்டுக் கதை முடிஞ்சால் சொல்லுங்கோ, சோறு போட" எண்டிட்டுப் போவாள்.

போன வருஷம் மகள் பிள்ளைத்தாச்சியாய் இருந்தவள். "அப்பா, ஈயம் பட்ட இறைச்சி பிள்ளைக்குக் கூடாதாம், எனக்கு இந்தமுறை பங்கு வேண்டாம்" எண்டு சொல்லிப்போட்டாள். என்ர பிள்ளை என்ர பங்கை வேண்டாமெண்டு சொல்லுறதோ? அண்டைக்கே செப்பு எண்டு முடிவெடுத்திட்டன். ஆனால் குகதாசனுக்கு மூச்சு விடேல்லை. சொன்னால் திரும்பவும் வாக்குவாதம். அதோட எனக்கொரு ஆசையும் இருந்தது. மிருகம் விழுந்து, உரிச்சு, அந்தக் குண்டை எடுத்து அவன்ர உள்ளங்கையில வைச்சு, "இப்ப சொல்லு மச்சான்" எண்டு கேக்கோணும் எண்டு. அந்த ஆசைதான் எல்லாத்தையும் கெடுத்தது.

பங்கு எண்டு சொன்னனான். அதை உங்களுக்கு விளங்கப்படுத்தோணும், நீங்கள் இஞ்ச பிறந்த பிள்ளை. எங்கட வட்டத்தில வேட்டைக்குப் போனால் ஒருத்தன் சுடுவான், ஒருத்தன் கலைப்பான். கலைக்கிறவன் காட்டைச் சுத்தி வந்து மிருகத்தைச் சுடுறவனுக்கு நேர கொண்டுவந்து விடோணும். ஆரின்ர வெடியில மிருகம் விழுந்ததோ அவன்தான் பங்கு போடுவான். வேற ஒருத்தரும் கத்தி தொடேலாது. சுட்டவனுக்குப் பின்தொடை. கலைச்சவனுக்குக் கழுத்து. மிச்சம் வீட்டுக்கு வீடு, சுட்டவன் மனசுபோல. சுடாதவன் பங்கு போட்டால் அது களவுப் பங்கு. அப்பிடிப் போட்ட ஒருத்தனுக்கு எங்கட ஊரில பிறகு ஒருத்தரும் பொம்பிளை குடுக்கேல்லை.

இஞ்சயும் அதைத்தான் செய்தனான். நானும் குகதாசனும் கூட்டாய் அனுமதி எடுப்பம், ரெண்டு பேருக்கும் ஒரு மிருகம். நான் சுடுவன், அவன் கலைப்பான். இஞ்ச கலைக்கிறதெண்டால் சத்தம் போடுறேல்லை, முன்னுக்குப் போய் மிருகம் நிக்கிற இடத்தைக் கண்டு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போறது. பிறகு எனக்குப் பின்னால, இடக்கைப் பக்கம் நிப்பான். அவனும் துவக்கு வைச்சிருப்பான், அது கரடிக்கு. வீட்ட வந்தால் இந்த ஊரில இருக்கிற எங்கட சனம் முழுக்க இந்தக் கராஜில நிக்கும். நான் நடுவில. இறைச்சித் தொழிற்சாலையில என்னை ஒருத்தனும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தம்பி. வெட்டு மேசை இலக்கத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்கள். இஞ்ச, அந்த ஒரு நாள், "தெய்வேந்திரமண்ணை, எங்களுக்கு ஈரலில கொஞ்சம் வையுங்கோ" எண்டு கேப்பினம். "நல்ல வெடியண்ணை" எண்டுவினம். நானும் வைப்பன். ஒளிக்காமல் சொல்லுறன், எனக்கு அது பெரிய சந்தோசம்.

போன வருஷம் போனம். காட்டுக்குள்ள இறங்க முதல் ஒரு கொப்பு முறிச்சு மரத்தடியில வைச்சு ஐயனாரைக் கும்பிடுறது எங்கட வழக்கம். ஊரில பாலைக் கொப்பு, இஞ்ச தேவதாருக் கொப்பு, ஐயனார் குறை நினைக்கமாட்டார். குகதாசன் போய்ப் பாத்திட்டு வந்து கையைக் காட்டினான். ஓடைக்கு அங்கால ஒரு ஆண் எல்க், கொம்பெண்டால் காய்ஞ்ச மரம் நிக்கிற மாதிரி. எனக்கு வடிவாய்த் தெரிஞ்சது. குகதாசன், "அத்தான், அந்த வெள்ளை மரத்துக்கு வலப்பக்கம், இன்னும் வலப்பக்கம்" எண்டு சொல்லிக்கொண்டு நிண்டவன், அது அவன்ர பழக்கம்.

நான் பேர் சொல்லித்தான் வெடி வைக்கிறது. அப்பு பழக்கினது. "ஐயனாரே" எண்டு வாய்விட்டுச் சொல்லி, அந்தச் சொல் முடியேக்கை விசையை இழுக்கிறது. பேர் சொல்லி வைச்ச வெடி தவறாது. இந்த நாட்டுக்கு வந்து ஒருக்காலும் தவறினதில்லை. ஒரே ஒருக்கா, முந்தி, ஒரு மிருகம் தப்பினது. அதுவும் ஒரு சொட்டு இரத்தம் இல்லாமல் சுத்தமாய்த் தப்பிட்டுது எண்டு குகதாசன்தான் போய்ப் பாத்திட்டு வந்து சொன்னவன். போன வருஷமும் சொன்னன், இழுத்தன். இடக் காது அந்தச் செல்லோட போச்சு, மற்றக் காதுக்குப் பஞ்சு வைச்சிருந்தனான், வெடிச் சத்தம் வயித்துக்கைதான் கேட்டது. எல்க் முன்னங்காலை மடிச்சுது, விழுந்துது. குகதாசன் என்ர முதுகில தட்டி, "நல்ல வெடி அத்தான்" எண்டான்.

உரிக்கிறது எப்பவும் அவன்தான். "நீங்கள் இருங்கோ அத்தான், தோள் நோகும்" எண்டுவான். ஆனால் இந்தமுறை நான் விடேல்லை. எனக்கு என்ர செப்பைப் பாக்கோணும். வீட்ட கொண்டுவந்து இதிலதான் தொங்கவிட்டு உரிச்சனான், இந்தக் கூரை வளையிலதான். ஒரே ஒரு துவாரம். அங்கால் பக்கம் தோலுக்குக் கீழ கையில தட்டுப்பட்டுது. கத்தி முனையால கிளறி எடுத்தன்.

சாம்பல் கட்டி.

தம்பி, நான் அதைத் தண்ணியில கழுவினன். காற்சட்டையில துடைச்சன். வெளிச்சத்துக்குக் கொண்டு போனன். விரல் நகத்தால சுரண்டினால் ஈயம். என்ர தோட்டாப் பெட்டியில ஈயம் எண்டு ஒண்டுமே இல்லை. மிருகத்தைத் திரும்ப முழுக்கத் தடவிப் பாத்தன். வேற துவாரம் இல்லை. என்ர குண்டு அந்த மிருகத்துக்குக் கிட்டவும் போகேல்லை.

"இதென்னடா" எண்டு கேட்டன். அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டு நிண்டவன், தலையைக் குனிஞ்சிட்டான். பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை அவன், அவ்வளவு காலம் சொன்னவனெல்லோ. அண்டைக்கு உள்ளதைத்தான் சொன்னான். நான் "ஐயனாரே" எண்டு சொல்ல அவனும் தன்ர துவக்கைத் தூக்குவானாம். சொல் முடிய அவனும் இழுப்பானாம். நான் சாமியைக் கூப்பிட்டன், அவன் அதைச் சைகையாய் எடுத்திருக்கிறான். இதை விட ஒரு துரோகம் இருக்கோ, சொல்லுங்கோ. சாமி பேரிலயே.

"எத்தினை வருஷமாயடா" எண்டன். "அந்த முதல் மிருகம் தப்பினதில இருந்து அத்தான்" எண்டான். அது தப்பேல்லையாம். என்ர குண்டு வயித்தில பட்டு, குடல் வெளியில வர ஓடினதாம். வீட்டில வேலை எண்டு என்னட்டச் சொல்லிப்போட்டு, தனியத் திரும்பப் போய்த் தேடி, ஒரு பத்தைக்கை கிடந்ததைக் கண்டு முடிச்சவனாம். "அது என்னைப் பாத்த பார்வை இருக்கே அத்தான், அதுக்குப் பிறகு உங்களைத் தனியச் சுட விட எனக்கு மனம் வரேல்லை" எண்டு அழுகிறான். ஐம்பது தாண்டின ஆம்பிளை, கையில இரத்தத்தோட நிண்டு அழுகிறான்.

அப்ப அதை அண்டைக்கே சொல்லியிருக்க வேணுமெல்லோ? சொன்னால் நான் என்ன, அவனை அடிச்சிருப்பனோ? கொஞ்சம் ஏசியிருப்பன். ஒரு வருஷம் கதைக்காமல் விட்டிருப்பன். அதுக்காக இப்பிடியோ செய்யிறது?

மனுசியைக் கூப்பிட்டன். "இஞ்சாரும் மலர், உம்மட தம்பி செய்த வேலையைப் பாரும்" எண்டன். அவள் வந்து குண்டைப் பாக்கேல்லை, என்னைத்தான் பாத்தாள். எனக்கு விளங்கிட்டுது. "உமக்கும் தெரியுமோ" எண்டன். "எனக்கு மட்டுமோ" எண்டாள். ஈரல் கேட்டு வாற சனம், நல்ல வெடியண்ணை எண்ட சனம், எல்லாருக்கும் தெரியுமாம். மகளுக்கும் தெரியுமாம். எல்லாரும் சேர்ந்து என்ர தலையில மிளகாய் அரைச்சிருக்கினம், நான் நெத்தியைக் காட்டிக்கொண்டு நிண்டிருக்கிறன். ஏனடியப்பா எண்டு கேட்டன். "வருஷத்தில அந்த ஒரு நாள்தான் நீங்கள் சிரிச்ச முகத்தோட வீட்டுக்குள்ள வாறனீங்கள். அதையும் நான் கெடுக்கோணுமோ?" எண்டாள். இது ஒரு கதையோ? சிரிக்க வைக்கிறதுக்கு ஒரு மனுசனை விசரனாக்குறதோ? நம்ப நட, நம்பி நடவாதே எண்டு சும்மாவோ சொன்னவை.

கண்ணில பிழை எண்டுறான் குகதாசன். வெள்ளை படருதாம், சத்திரசிகிச்சை ஒண்டு செய்தால் சரிவருமாம். கண் என்னெண்டு பிழைக்கும்? நீங்கள் வந்து நிக்க நான் கண்டனான்தானே. பனி கரைஞ்ச உடன இந்தத் துவக்கைக் கொண்டுபோய் சுட்டுப் பழகுற இடத்தில சுட்டுப் பாத்தன். செப்புக்குண்டு, ஒரு பெட்டி. குறிக்குக் கட்டின கடதாசியில ஒரு ஓட்டையும் இல்லை. அது கடதாசியைப் பிழையான இடத்தில கட்டிப்போட்டாங்கள். பிறகு பாரம் கூடின குண்டு வாங்கினன். பிறகு ஈயமும் வாங்கிப் பாத்தன். அண்டைக்குக் காத்து. பக்கத்தில நிண்ட வெள்ளைக்காரன் ஒருத்தன் வந்து, "ஐயா, நீங்கள் என்ர கடதாசிக்குச் சுடுறீங்கள்" எண்டு மெதுவாய்ச் சொல்லுறான். அவன்ர கடதாசி அங்க இருந்தால் நான் என்ன செய்யிறது? ஆனால் அதில கூட்டமாய் ஓட்டை இருந்ததாம். குண்டு நல்ல குண்டு, தம்பி. பயப்பிடாமல் வாங்குங்கோ, மிச்சப் பெட்டியளையும் தாறன். இந்தத் துவக்குக்குச் செப்புத்தான் சரி.

அந்த எல்க் என்னாச்சு எண்டு கேக்கிறீங்களோ? நான் பங்கு போடேல்லை. நான் எப்பிடிப் போடுறது? குகதாசனிட்டக் கத்தியை நீட்டினன், "போடு, உன்ர வெடிதானே" எண்டு. அவன் கையைப் பின்னால கட்டிக்கொண்டான். "நீங்கள் போட்டால்தான் அத்தான் அது பங்கு" எண்டான். நான் கத்தியை நிலத்தில எறிஞ்சிட்டு உள்ளுக்கை போயிட்டன். மனுசிதான் கண்டபடி வெட்டிப் பையில போட்டுக் குடுத்தாள், கடையில விக்கிற மாதிரி. அவன் பிறகு வீட்டுப் பக்கம் வரேல்லை. பேரப்பிள்ளையின்ர முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்கும் வந்து வாசல்ல நிண்டு பிள்ளையைப் பாத்திட்டுப் போயிட்டான். நான் முகம் குடுக்கேல்லை.

இவ்வளவும் நான் பொறுப்பன், தம்பி. உண்மையாய்ப் பொறுப்பன். என்னை ஏமாத்தினது, சனம் சிரிச்சது, சாமி பேரில செய்தது, எல்லாத்தையும் ஒரு நாளைக்கு மறந்தாலும் மறப்பன். ஒண்டைத்தான் என்னால பொறுக்க ஏலாமல் கிடக்கு. அவன் கழுத்தை வாங்கினவன். விளங்குதோ? ஒவ்வொரு வருஷமும், இந்த இடத்தில, எல்லாருக்கும் முன்னால, சுட்டவன் வரிசையில நிண்டு கலைச்சவன்ர பங்கை என்ர கையால வாங்கினவன். நான் பின்தொடையை எனக்கெண்டு எடுத்து வைச்சிட்டு அவனுக்கு எலும்புக் கழுத்தைத் தூக்கிக் குடுத்தனான். ஒருமுறை அதிலயும் பாதியை வெட்டி வேற ஆருக்கோ குடுத்திட்டு, "அடுத்தமுறை வடிவாய்க் கலை, முழுக் கழுத்துத் தாறன்" எண்டு சொன்னனான். சனம் சிரிச்சது. அவனும் சிரிச்சவன். "காணும் அத்தான்" எண்டவன். என்னைக் கொண்டு அதைச் செய்விச்சவன். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் தொடையைக் குடுத்திருக்கமாட்டனோ? என்னை எப்பிடிப்பட்ட மனுசன் எண்டு நினைச்சவன் அவன்?

சரி. இந்தாங்கோ சாவி, அலுமாரியை நீங்களே திறந்து துவக்கைப் பாருங்கோ. சாவித் துவாரம் உந்தப் பக்கம், எனக்கு அது எப்பவும் தட்டுப்படாது. நான் பிறீசரைத் திறக்கிறன்.

கொஞ்சம் பிடியுங்கோ, பாரம். ஓம், தொடைதான். மனுசி எல்லாத்தையும் குடுத்து முடிச்சவள், இதை மட்டும் நான் தொட விடேல்லை. நீங்கள் பெருந்தெருவுக்கு ஏற முதல், பெற்றோல் செட்டுக்குப் பின்னால பச்சைக் கதவு போட்ட வீடு. அவன் வீட்டிலதான் நிப்பான், இண்டைக்கு வேலை இல்லை. கையில குடுங்கோ, வாசல்ல வைச்சிட்டுப் போகாதேங்கோ. ஆர் தந்தது எண்டு கேக்கமாட்டான். சுட்டவன்ர பங்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ.

அதோட, நான் இன்னும் அவனோட கோவம்தான் எண்டும் சொல்லுங்கோ. மறந்திடாதேங்கோ, அதையும் சொல்லுங்கோ.